ஓணத்துக்கும் மாநில மீட்டுக்கும் நடுவே விரிசல் விடும் எலும்பு

ஓண லீவு முடிந்து பள்ளி திறந்ததும் கேரளத் தென்கோடியின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரப் பள்ளி மைதானங்களில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கும். ஜூனில் பிடித்த மழை கொஞ்சம் விட்டிருக்கும். சப்ஜில்லா மீட், அதில் தேறினால் ரெவின்யூ ஜில்லா மீட், அதிலும் தேறினால் மாநில மீட் என்று போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மாநிலப் போட்டி 2024இல் எர்ணாகுளத்தில் நவம்பரில் நடந்தது, 2025இல் திருவனந்தபுரத்தில் அக்டோபரிலேயே நடந்துவிட்டது. மழையில் மூன்று மாதம் முடங்கிக் கிடந்த பிள்ளைகள் ஆறேழு வாரத்துக்குள் ஓட்டத்தில் முழு வேகத்துக்கு வந்தாக வேண்டும். அம்பூரி மாதிரி மலையடிவார ஊர்களில் சமதரையே அரிது என்பதால் ரப்பர் தோட்டத்துச் சரிவும் தார் ரோடுமே பயிற்சிக்களம். இந்த வாரங்களில்தான் ஓட்டப் பிள்ளைகளில் சிலர் கணைக்காலைத் தடவிக்கொண்டு ஓரமாக நிற்கத் தொடங்குவார்கள். விழவில்லை, யாரும் மோதவில்லை, கால் பிசகவும் இல்லை. ஆனாலும் எலும்பில் விரிசல் விழுந்திருக்கும். மருத்துவர்கள் இதை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள், தமிழில் அழுத்த முறிவு. வீட்டில் இதற்கு 'பிள்ளைக்கு எலும்பு பலமில்லை' என்று அர்த்தம் சொல்கிறார்கள். மைதானத்தில் 'மனசு பலமில்லை' என்கிறார்கள். இரண்டுமே பழியைத் தப்பான இடத்தில் போடுகின்றன. பெரும்பாலான அழுத்த முறிவுகளுக்கு மூல காரணம் பயிற்சிக் கால அட்டவணை. ஆகவே குணப்படுத்துவதும் அந்த அட்டவணையைத் திருத்துவதில் போய்த்தான் முடிய வேண்டும். சான்றுகள் அந்தப் பக்கமே நிற்கின்றன.

இந்த நோயின் வரலாற்றிலேயே அதற்கு முதல் சாட்சி இருக்கிறது. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுப்புப் பயிற்சியில் இருந்த இளம் சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடிபடாத கால் ஏன் வீங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, எக்ஸ்ரே வர இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1897இல் ஸ்டெகோ என்ற ஜெர்மன் மருத்துவர் அதே வீக்கத்துக்குள் பாத எலும்பு உடைந்திருப்பதைப் படமாகக் காட்டினார். விளையாட்டு வீரர்களின் கணைக்கால் வலிக்குள்ளும் இதே விரிசல் ஒளிந்திருக்கிறது என்று பிரிட்டனில் டெவாஸ் என்ற மருத்துவர் 1958இல் எழுதினார். 1985இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வு ஒன்று புதிதாகப் படையில் சேர்ந்த 295 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 31 சதவீதம் பேருக்கு அழுத்த முறிவு வந்தது. அவர்கள் நோஞ்சான்கள் அல்லர், தேர்வில் வடிகட்டி எடுக்கப்பட்ட, உடற்கட்டுள்ள இளைஞர்கள். அவர்களுக்கும் நம் பள்ளி மைதானத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பழக்கமில்லாத சுமை, திடீரென்று, நாள் தவறாமல்.

திடீர் சுமை எலும்பை ஏன் உடைக்கிறது என்பதற்கு எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முறையிலேயே விடை இருக்கிறது. எலும்பு உயிருள்ள திசு. ஓடும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். இது நோய் அல்ல, புதுப்பித்தலின் முதல் படி. விரிசல் விழுந்த பகுதியை ஒருவகைச் செல்கள் முதலில் அரித்து எடுத்துவிடும். பிறகு வேறு வகைச் செல்கள் வந்து புது எலும்பை இடும். சிக்கல் இந்த இரண்டு வேலைகளின் வேகத்தில் இருக்கிறது. அரித்தெடுக்க ஏறக்குறைய மூன்று வாரம் போதும், நிரப்பி இறுக மூன்று மாதம் வரை ஆகும். பொதுப்பணித் துறை பழைய ரோட்டைக் கிளறிப் போட்டுவிட்டுத் தார் ஊற்றுவதற்கு முன்னால் மணல் லாரியை அதன்மேல் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது. புதிய சுமை தொடங்கி மூன்றாவது வாரத்திலிருந்து சில வாரங்களுக்கு எலும்பு முன்னைவிடப் பலம் குறைந்தே இருக்கும். மூச்சும் தசையும் இதற்குள் பழகிவிடுவதால் பிள்ளைக்குத் தான் நன்றாகத் தேறி வருவதாகவே தோன்றும். நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பி.டி. சாருக்கும் அப்படியே தோன்றும். இன்னும் கொஞ்சம் முடுக்கலாம் என்று இருவரும் நினைக்கும் வாரமும் எலும்பு பலமிழந்து நிற்கும் வாரமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

இதை நம் பள்ளி ஆண்டின்மேல் வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். ஓண லீவு முடிந்து பயிற்சி தொடங்கினால் மூன்று, நான்கு வாரத்தில் சப்ஜில்லா மீட் வரும், இன்னும் ஓரிரு வாரத்தில் ஜில்லா மீட். எலும்பு கிளறிக் கிடக்கும் அதே நாட்களில்தான் ஒரே பிள்ளை 400, 800, ரிலே என்று இரண்டு நாளுக்குள் பல ஓட்டம் ஓடுகிறாள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ரேலி அறிவிப்பு வந்ததும் விடியற்காலையில் ரோட்டில் இறங்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களின் கதையும் இதுவே. பள்ளி முடித்து, டவுசரோடு வெள்ளறடை ரோட்டிலும் களியக்காவிளை ரோட்டிலும் ஓடுகிறவர்களுக்குக் குறி 1.6 கிலோமீட்டர், அதை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் என்பது 2022இல் வந்த அக்னிபத் திட்டத்திலும் தொடர்ந்த கணக்கு. தேதி தெரிந்த பிறகு இரண்டு மாதத்தில் அதை எட்டப் பார்க்கிறார்கள். பிரைட்ஹாப்ட் பார்த்த சிப்பாய்களுக்குப் படையில் சேர்ந்த பின் வந்த நோய், இவர்களுக்குச் சேருவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

வயது இதில் இன்னொரு பொறி வைக்கிறது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினாலையொட்டியும் மளமளவென்று உயர்கிறார்கள். எலும்பு நீளுவது முதலில், அதற்குள் கால்சியம் படிந்து கெட்டியாவது பல மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த, ஆனால் உள்ளே இன்னும் இறுகாத கால்களோடு அவர்கள் ஓடுகிறார்கள். பெரியவருக்குச் சேரும் மொத்த எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வளர்ச்சி உச்சத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேருகிறது. அதனால் இந்த வயதில் விளையாடக் கூடாது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு, எலும்பு கெட்டியாக இதைவிட நல்ல வயதும் கிடையாது. எப்படி விளையாடுவது என்பதுதான் கேள்வி. ஒரே திசையில் ஒரே சீரான ஓட்டத்தைவிடத் திரும்பித் திரும்பிக் குதித்து ஆடும் ஆட்டங்கள் எலும்பை நாலாபுறமும் பலப்படுத்துகின்றன. சிறு வயதில் பந்து ஆட்டங்கள் ஆடிவிட்டுப் பிறகு நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்தவர்களுக்கு அழுத்த முறிவு குறைவாக வந்ததாக 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கால்பந்துக்குப் பேர்போன பொழியூரும் தூத்தூரும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கடற்கரை மணலில் விடுமுறை முழுக்கப் பந்து உதைத்து வளரும் பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பிலேயே '800 மீட்டர்காரி' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையைவிட எலும்பு விஷயத்தில் நல்ல தொடக்கம் கிடைத்துவிடுகிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் முறைப்படுத்திய பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் ஒரு சுலபமான வரம்பு சொல்கிறார்கள். பதிமூன்று வயதுக்குப் பதிமூன்று மணி நேரம். நம் பக்கத்துச் சில தனிப் பயிற்சிக் குழுக்களின் காலை, மாலை நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்த வரம்பு தாண்டிவிடும்.

அட்டவணை என்று சொல்லும்போது சாப்பாட்டையும் தூக்கத்தையும் அதில் சேர்த்தே சொல்கிறேன். நாலரை மணிக்கு எழுந்து ஒரு கட்டன் சாயாவோடு மைதானத்துக்குப் போய், எட்டு மணிக்குத் திரும்பி அவசரமாக இரண்டு தோசை, பிறகு பள்ளி, மாலையில் மறுபடியும் ஓட்டம், ராத்திரி டியூஷன் என்று போகும் ஒரு நாளில் உடம்புக்கு வேண்டிய தீனி எந்த வேளையிலும் போய்ச் சேருவதில்லை. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் கை வைக்கும் கணக்குகளில் எலும்புப் புதுப்பிப்பும் இனப்பெருக்க ஹார்மோன்களும் உண்டு. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சக்திப் பற்றாக்குறையை ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவான நிலையாக வரையறுத்தது. பெண் பிள்ளைகளிடம் அதற்குத் தெளிவான எச்சரிக்கை ஒன்று தெரியும்: மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போவது, அல்லது பதினைந்து வயதாகியும் தொடங்காமல் இருப்பது. நம் ஊரில் இதை யாரும் ஓட்டத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. சில இடங்களில் 'மீட் நேரத்தில் வராமல் இருந்தால் நல்லதுதானே' என்று ஒரு நிம்மதிகூட உண்டு. அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன், பதின்வயதில் நாட்டின் பெரிய நம்பிக்கையாக இருந்தவர், எடை குறைக்கச் சொன்ன பயிற்சிச் சூழலில் மூன்று ஆண்டு மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் உடைந்ததாக 2019 நவம்பரில் வெளிப்படையாகப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு மாதவிடாய் பற்றிய கேள்வி மைதானங்களில் முன்னைவிட வெளிப்படையாக எழுந்தது.

கால்சியமும் வைட்டமின் டியும் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்த முறிவு 20 சதவீதம் குறைந்தது. நல்ல பலன்தான், ஆனால் மீதி 80 சதவீதம் அப்படியே நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டவணைக்கு மாற்று ஆகாது. வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி ஏன் குறையும் என்று கேட்பவர்கள், பிள்ளை வெளியே நிற்கும் நேரத்தைக் கவனிக்கட்டும்: சூரியன் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும். வேண்டிய உணவு இங்கே விலை மலிவாகவே கிடைக்கிறது. மரச்சீனியும் மீன்கறியும் நம் சாப்பாடு. மரச்சீனி சக்தி தரும், கால்சியமோ புரதமோ சொல்லும்படியாக அதில் இல்லை. அதைச் சரிக்கட்டுவது முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியும் சின்னச் சாளையும் மோரும்தான். கறியில் மீனைக் குறைத்துக் கிழங்கைக் கூட்டும் வீட்டில் ஓடுகிற பிள்ளையின் தட்டில் மட்டுமாவது அந்த அளவைத் திருப்பி வைக்க வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லாருக்கும் வாயில் தயாராக இருப்பது: பெரிய வீரர்கள் எல்லாம் வலியோடுதானே ஜெயித்தார்கள்? இதற்கு நல்ல எடுத்துக்காட்டே உண்டு. 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்து இடது காலில் வலியோடு ஆடித் தங்கம் வென்றார். ஆனால் கதையை அந்தப் பதக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சில நாளிலேயே அது அழுத்த முறிவு என்று தெரிந்து, அதே மாதம் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்து அவர் விலகினார். களத்துக்குத் திரும்பியது 2023 ஜனவரியில், அந்த முதல் போட்டியில் முதல் சுற்றிலேயே கரோலினா மரினிடம் தோற்றார். உலகத் தரமான மருத்துவக் குழு உடனிருக்க, இருபத்தேழு வயதில், வாழ்க்கையின் பெரிய இறுதிப் போட்டிகளில் ஒன்றுக்காக அவர் தெரிந்தே எடுத்த முடிவு அது. பதினாலு வயதுப் பிள்ளை சப்ஜில்லா வெண்கலத்துக்காக அதையே செய்வதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அவளுக்கு என்ன நடக்கிறது என்றே அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இளம் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கமின்ஸ். 2011 நவம்பரில் பதினெட்டு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி, ஆட்டநாயகனும் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேல், முதுகெலும்பில் மீண்டும் மீண்டும் வந்த அழுத்த முறிவுகள். நம் நாட்டில், 2018 பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பையில் வேகத்தால் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்த கமலேஷ் நாகர்கோட்டி அடுத்த இரண்டு ஐ.பி.எல். பருவங்களையும் காயத்தில் தொலைத்தார், முதுகின் அழுத்த முறிவும் அதில் உண்டு. கமின்ஸ் பின்னால் ஆஸ்திரேலிய கேப்டன் ஆனாரே, ஆகவே கெடுதல் ஒன்றும் இல்லையே என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சம்பளமும் சிகிச்சையும் கொடுத்துக் காத்திருக்க அவருக்கு ஒரு வாரியம் இருந்தது. அம்பூரிப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பை யார் கொடுப்பார்கள்? பிளஸ் டூ முடிந்தால் ஓட்டமும் முடிந்தது.

இரண்டாவது எதிர்வாதம் ஷூவையும் தரையையும் பற்றியது. நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தால் போதும், சிந்தெடிக் டிராக் வந்தால் போதும் என்பார்கள். ஷூ முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தேய்ந்து சாய்ந்த அடிப்பாகத்தோடு தார் ரோட்டில் ஓடுவது கெடுதல்தான். ஆனால் ஷூவால் எவ்வளவு ஆகும் என்பதை இஸ்ரேல் ராணுவமே சோதித்திருக்கிறது. கனத்த பூட்ஸுக்குப் பதில் அதிர்ச்சி தாங்கும் பாஸ்கெட்பால் ஷூ கொடுத்துப் பார்த்தபோது பாத எலும்பு முறிவுகள் குறைந்தன, ஆனால் மிகைப் பயிற்சிக் காயங்களின் மொத்தக் கணக்கு குறையவில்லை. தரை விஷயத்திலும் கடினத்தைவிட மாற்றமே வம்பு. வாரமெல்லாம் மண்ணில் வெறுங்காலோடு ஓடிவிட்டு, போட்டியன்று திருவனந்தபுரம் சிந்தெடிக் டிராக்கில் கடன் வாங்கிய ஸ்பைக்கோடு இறங்குவது எலும்புக்கு முன்பின் தெரியாத சுமை. இறக்கத்தில் ஓடுவதும் அப்படியே. மலைச்சரிவில் ஏறி ஓடுவது நல்ல பயிற்சி, அதே வேகத்தில் இறங்கி வருவது கணைக்கால் எலும்பைப் பதம் பார்க்கும். ஏறி ஓடு, நடந்து இறங்கு என்பதற்கு ஒரு காசு செலவில்லை.

மூன்றாவது எதிர்வாதத்தை நம் வட்டாரத்தில் லேசாகத் தள்ளிவிட முடியாது: ஆசானிடம் போனால் சரியாகிவிடுமே. விளவங்கோடும் கல்குளமும் வர்ம ஆசான்களின் பூமி. எண்ணெய் போட்டுத் தடவி, பச்சிலை வைத்துக் கட்டி, பத்தியம் சொல்லி, 'காலைத் தரையில் ஊன்றாதே' என்று கட்டளையிட்டு அனுப்புவார்கள். பலருக்கு இது குணமும் தந்திருக்கிறது. எதனால் குணமாகியிருக்கும் என்று பிரித்துப் பார்த்தால், கட்டும் கட்டளையுமே பெரும்பங்கு வேலையைச் செய்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு இன்றைய மருத்துவமும் முதலில் சொல்வது அதைத்தானே. ஸ்போர்ட்ஸ் டாக்டர் 'ஓடாதே' என்றால் பத்து நாளில் மறந்துவிடும் பிள்ளை, ஆசான் போட்ட கட்டை அவிழ்க்கப் பயப்படுவான். ஆனால் வலிக்கும் எலும்பின்மேலேயே அழுத்தி உழிவது விரிசலை மூடாது, வலியை ஏற்றிவிடும். எந்த எலும்பில், எந்த இடத்தில் விரிசல் என்பது தெரியாமல் கட்டுவதில் ஆபத்தும் உண்டு. கணைக்கால் எலும்பின் உள்பக்க விரிசல் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்டு ஆறிவிடும். அதே எலும்பின் முன்பக்க நடுவில் வருவதும், பாதத்தின் நடுமேட்டில் உள்ள படகெலும்பில் வருவதும், இடுப்போடு சேரும் தொடையெலும்புக் கழுத்தில் வருவதும் அப்படி அல்ல. படகெலும்பு விரிசலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கால் ஊன்றாமல் மாவுக்கட்டு வேண்டியிருக்கும். தொடையெலும்புக் கழுத்து முழுதாக உடைந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். ஓட்டப் பிள்ளை தொடையிடுக்கில் வலி என்று சொன்னால் அன்றே ஊன்றுகோல் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும், அடுத்த நாள் பார்க்கலாம் என்பது கூடாது.

கண்டுபிடிப்பதிலும் ஒரு வழக்கமான சறுக்கல் இருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார்கள், 'ஒன்றுமில்லை' என்பார்கள், பிள்ளை மறுநாள் ஓடத் தொடங்குவான். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட அழுத்த முறிவுகள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. புது எலும்பு படியத் தொடங்கிய பிறகே நிழல் விழும். எம்.ஆர்.ஐ.யில் முதல் வாரத்திலேயே தெரியும், ஆனால் அதற்குச் செலவும் மருத்துவக் கல்லூரி வரை அலைச்சலும் உண்டு. அதனால் எல்லா வலிக்கும் எம்.ஆர்.ஐ. என்று நான் சொல்ல மாட்டேன். மைதானத்திலேயே கவனிக்கக் கூடியவை இருக்கின்றன. வலி எலும்பு நெடுகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்புறையும் அழன்ற நிலை, ஓய்வும் பயிற்சிக் குறைப்பும் போதும். ஒரு விரல் நுனியால் 'இங்கேதான்' என்று காட்ட முடிந்தால், அந்த இடத்தை அழுத்தும்போது பிள்ளை காலை உதறி இழுத்துக்கொண்டால், வலி ஓட்டம் முடிந்த பின்னும் நடக்கும்போதும் ராத்திரி படுக்கையிலும் தொடர்ந்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் அதை முறிவு என்றே நடத்த வேண்டும். வேகப்பந்து வீசும் பையன் பின்னால் வளைந்தால் இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாகக் குத்துகிறது என்று சொல்வதும் இந்த வகைதான், அதைத் தசைப்பிடிப்பு என்று ஸ்ப்ரே அடித்து அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுக்கும் டைக்ளோஃபெனாக் வலியை மறைத்துப் பிள்ளையை மறுபடி ஓட வைக்கிறது. அந்த வகை மருந்துகள் எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று விலங்குகளிடம் நடந்த சோதனைகளும் எச்சரிக்கின்றன.

சரி, முறிவுதான் என்று தெரிந்துவிட்டது. பிறகு? சாதாரண வகை என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை, சிக்கலான வகை என்றால் மூன்று முதல் ஆறு மாதம். முதுகெலும்பு என்றால் குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது. இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும்: எலும்புக்குச் சுமைதானே பலம், முழு ஓய்வு கொடுத்தால் இன்னும் பலம் இழக்காதா? இழக்கும். படுத்தே கிடந்தால் தசையும் எலும்பும் வாரக் கணக்கில் கரையும். அதனால்தான் இன்றைய சிகிச்சை ஓய்வு என்பதை அந்த எலும்புக்கு மட்டும், வலி வராத அளவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறது. நடக்க வலித்தால் ஊன்றுகோல். நடக்க வலிக்காவிட்டால் நடை, சைக்கிள், நீச்சல், மேலுடம்புப் பயிற்சி. நீச்சல் என்று சொன்னதும் நெய்யாறு அணையை யாரும் நினைக்க வேண்டாம், அங்கே முதலைகள் இருக்கின்றன. நீந்துமிடம் எதுவானாலும் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். விலங்குகளிடம் செய்த சோதனைகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: எலும்பு சில பத்துத் தடவை தாக்கம் பெற்றதும் அதன் செல்கள் மேற்கொண்டு சுமையைக் கண்டுகொள்வதில்லை, சில மணி நேரம் விட்டுக் கொடுத்தால் மறுபடி விழித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் ஓடுவதைவிட, காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமுமாகப் பிரிப்பது எலும்புக்கு நல்லது. அதிகச் சுமை என்பது அதிகப் பலம் ஆகாது என்று உடற்பயிற்சி விஞ்ஞானத்தால் இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

மைதானத்துக்குத் திரும்பும் முறையில்தான் பெரும்பாலான மீட்சிகள் கெட்டுப்போகின்றன. தொடர்ந்து ஐந்தாறு நாள் வலியில்லாமல் விரைவாக நடக்க முடிந்த பிறகே ஓட்டத்தை நினைக்க வேண்டும். முதல் நாள் ஓட்டம் என்பது அரை மணி நடைக்குள் ஒவ்வொரு நிமிடமாகச் செருகிய மெதுவோட்டம். மறுநாள் ஓட்டமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், நடை குறைந்து ஓட்டம் கூடும். முதலில் தூரம், பிறகே வேகம். சமதரை முடிந்த பிறகு சரிவு. ஸ்பைக் ஷூ கடைசியாக. விரல் வைத்துக் காட்டிய அந்த இடம் மறுபடி வலித்தால் இரண்டு நாள் நிறுத்தி, முந்திய படிக்கு இறங்க வேண்டும். வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டு என்று கோச்சுகள் சொல்லும் பிரபல விதிக்குச் சான்று மிகக் குறைவு. நெதர்லாந்தில் 2008இல் வெளியான சோதனையில் அந்த விதிப்படி மெல்ல ஏற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயக் கணக்கில் வித்தியாசம் வரவில்லை. எண்ணைவிட, பிள்ளை வலியைச் சொல்லும்போது கேட்க ஆள் இருப்பதே பெரிய காப்பு. திரும்பி வந்தவரை ஏன் இவ்வளவு பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்றால், ஒருமுறை அழுத்த முறிவு வந்த ஓட்டக்காரருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டார்கள். எலும்பு ஆறியிருக்கும். அதை உடைத்த நாலரை மணி எழுச்சியும், வெறும் வயிறும், ஆறு வார அவசரமும் அப்படியே காத்திருக்கும்.

கடைசி எதிர்வாதம் நடைமுறையைப் பற்றியது, எனக்கு அதுவே கனமாகப் படுகிறது. கேரளத்தில் மாநில மீட்டில் இடம் பிடித்தால் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூவில் கிரேஸ் மார்க் உண்டு. ரேலியில் தேறினால் வேலை உண்டு. ரப்பர் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இவை சின்ன விஷயம் அல்ல. 'ஒரு சீசன் போனால் போகட்டும்' என்று பட்டணத்து மருத்துவர் சொல்வது எளிது. உண்மைதான். ஆனால் ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை, அதை ஆண்டு முழுவதும் பரப்பச் சொல்கிறோம். மழைக்காலத்தில் மைதானம் இல்லாவிட்டாலும் பள்ளி வராந்தாவில் வாரம் மூன்று நாள் கயிறு தாண்டலும் குதிப்பும் நடந்தால், ஓணத்துக்குப் பிறகு எலும்பு சுமையைப் புதிதாகச் சந்திக்காது. நான்காவது, ஐந்தாவது வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாக்கினால் கிளறிய இடம் நிரம்ப வழி கிடைக்கும். ஒரே பிள்ளையை மூன்று நிகழ்ச்சிகளில் இறக்காமல் இருந்தால் பள்ளிக்குப் புள்ளி குறையலாம், பிள்ளைக்கு ஆண்டு மிஞ்சும். இது நடைமுறைக்கு ஆகாது என்பவர்களுக்கு இஸ்ரேல் ராணுவமே பதில் சொல்கிறது. ஷூ முதலிய வழிகளில் பல ஆண்டு அலைந்த பிறகு அவர்கள் செய்தது இரண்டே மாற்றம்: ராத்திரி கட்டாயம் ஆறு மணி நேரத் தூக்கம், மொத்த நடைத் தூரத்தில் குறைப்பு. அழுத்த முறிவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2008இல் எழுதினார்கள். சண்டைக்கு ஆள் தயார் செய்யும் படைக்கே இது முடிந்திருக்கிறது.

பதின்வயதினருக்கு ஆறு மணியும் போதாது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. டியூஷன் விட்டு ஒன்பதரைக்கு வீடு வரும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் அந்தக் கணக்கு எப்படி வரும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பி.டி. சார் கையில் இருக்கும் அதே நோட்டில் ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் கீறினால் போதும்: நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம், இன்று எலும்பில் எங்கே வலி. பெண் பிள்ளைகளுக்கு மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும், அதை ஒரு டீச்சர் தனியாக எழுதி வைக்கட்டும். ஓணத்துக்குப் பிந்தைய மூன்றாவது வாரத்திலிருந்து அந்த நோட்டைத் தினமும் பார்க்க வேண்டும்.